வெடித்த விண்மீனை ரேடியோவில் தேடுவது எப்படி?

2023 மே 19 அன்று எம்101 விண்மீன் திரளில் ஒரு சூப்பர்நோவா தென்பட்டது. ஜப்பானின் கொய்ச்சி இடாகாகி கண்டறிந்த அந்த வெடிப்பு சுமார் 2 கோடி ஒளி ஆண்டு தொலைவில்தான் நடந்திருந்தது. இவ்வளவு அருகில் ஒன்று கிடைப்பது அபூர்வம். சிறிய தொலைநோக்கி வைத்திருந்தவர்கள்கூட அதைப் படமெடுத்தார்கள். பெரிய ரேடியோ தொலைநோக்கிகளும் அதே பக்கம் திரும்பின. அவற்றுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்த பிறகே முதல் ரேடியோ சமிக்ஞை கிடைத்தது.

ரேடியோவில் சூப்பர்நோவா மெதுவாக எழும், மெதுவாக மங்கும். வாரங்கள், மாதங்கள், சில சமயம் பத்தாண்டுகள்கூட ஆகும். ஆகவே இரவெல்லாம் விழித்திருந்து பிடிக்க வேண்டிய அவசரம் இதில் இல்லை. வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்த பெரிய கணக்கெடுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் பள்ளிக் கணிதமும் போதும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. படத்தில் புதிய புள்ளி ஒன்றைப் பார்ப்பது எளிது. அது உண்மையிலேயே புதியதுதானா என்று தீர்ப்பதுதான் வேலை.

தொடங்கும்போதே பலர் வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனா வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சூரியனையும் நம் பால்வீதியின் ஹைட்ரஜன் கோட்டையும் (1420 மெகாஹெர்ட்ஸ்) பார்க்க அது அருமையான கருவி. வேறொரு விண்மீன் திரளில் நடந்த வெடிப்பு அதில் தெரியாது. ரேடியோ வானியலின் அலகான ஜான்ஸ்கி என்பது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு 10⁻²⁶ வாட். நாம் தேடுவது அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மில்லிஜான்ஸ்கி அளவில். டிஷ் ஆசையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ரேடியோ வானில் தோன்றி மறைபவற்றைத் துறையினர் டிரான்சியன்ட் என்பார்கள். அவற்றில் வேகமானவை சில மில்லிநொடிகளே நீடிக்கும். விரைவு ரேடியோ வெடிப்புகள் இந்த வகை. மெதுவானவை நாள் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குவரை நீடிக்கும். சூப்பர்நோவா, காமா கதிர் வெடிப்பின் பின்னொளி, கருந்துளையிடம் சிக்கிச் சிதைந்த விண்மீன், நியூட்ரான் விண்மீன் இணைப்பு எல்லாம் இதில் அடங்கும். முதல் வகைக்கு நேரத் தொடர் தரவு வேண்டும். இரண்டாவதற்குப் படங்கள் போதும். படங்களிலிருந்தே தொடங்குங்கள். வேகமானவற்றுக்குப் பின்னால் வருவோம்.

படி 2: ரேடியோ அலை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம். இது புரியாவிட்டால் பின்வரும் எண்கள் வெறும் எண்களாகவே நிற்கும்.

பெருநிறை விண்மீன் வெடிப்பதற்கு முன் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தன் மேல்புறத்திலிருந்து வாயுவை இழந்துகொண்டே இருக்கிறது. வெடித்ததும் சிதறல் அந்தப் பழைய வாயுவில் போய் மோதுகிறது. மோதல் முகப்பில் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளி வேகத்துக்கு முடுக்கப்பட்டு, அங்கே வலுவடைந்த காந்தப்புலத்தில் சுழல்கின்றன. அப்போது வெளிப்படும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சைத்தான் நாம் ரேடியோவில் பார்க்கிறோம். ஆக, ரேடியோ நமக்குச் சொல்வது வெடித்த விண்மீனைப் பற்றி மட்டுமல்ல, அது சாவதற்கு முன் உதறியதைப் பற்றியும்தான்.

செம்பெருவிண்மீன் ஒன்றின் காற்று நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். சிதறலின் வேகம் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர், அதாவது ஆயிரம் மடங்கு. எனவே வெடித்த ஓராண்டில் சிதறல் எட்டிப்பிடிக்கும் வாயு, விண்மீனை விட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. ஓராண்டு ரேடியோ பதிவில் ஒரு விண்மீனின் கடைசி ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. வேறெந்த அலைநீளத்திலும் இவ்வளவு நேரடியாக இது கிடைப்பது கடினம்.

தாமதத்துக்குக் காரணமும் அதே வாயுதான். தொடக்கத்தில் அடர்த்தியாக இருக்கும் வாயு ரேடியோ அலைகளை விழுங்கிவிடுகிறது. குறைந்த அதிர்வெண்களை அதிகமாக விழுங்குகிறது. சிதறல் வெளியே நகர நகர மேலே மிஞ்சியிருக்கும் வாயு மெலிகிறது. அதனால் உயர் அதிர்வெண்ணில் முதலில் தெரியும், குறைந்த அதிர்வெண்ணில் கடைசியில் தெரியும். பல நூறு மெகாஹெர்ட்ஸில் இயங்கும், புனே அருகேயுள்ள ஜி.எம்.ஆர்.டி. போன்ற தொலைநோக்கிக்கு ஒரே சூப்பர்நோவா மாதங்கள் பிந்திப் பளிச்சிடுவது இதனால்தான். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்: குறைந்த அதிர்வெண்ணில் முதலில் எழுந்து பிறகு உயர் அதிர்வெண்ணில் எழும் புள்ளி இந்தச் சித்திரத்தில் பொருந்தாது.

2014 சி என்ற சூப்பர்நோவா முதலில் ஹைட்ரஜன் இல்லாத வகையாகத் தெரிந்தது. ஓராண்டுக்குள் அதன் சிதறல் வெளியே காத்திருந்த ஹைட்ரஜன் கூட்டில் மோதியது. ரேடியோவில் மறுபடி ஏறியது, ஒளி நிறமாலையே வேறு வகையாக மாறியது.

வெண்குறு விண்மீன் வெடிக்கும் ஒன்று-ஏ வகையைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவற்றைச் சுற்றி மோதுவதற்கு வாயு அநேகமாக இருக்காது. மிக அருகில் நடந்த 2011 எஃப்.ஈ.கூட ரேடியோவில் தெரியவில்லை. அந்த வகையில் முதல் ரேடியோ கண்டறிதல் 2023-இல்தான் வெளியானது. ஹீலியம் சூழ்ந்த 2020 ஈ.ஒய்.ஜே. அது.

படி 3: இலக்கைத் தேர்ந்தெடுங்கள்

டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையதளத்தில் உலகில் அறிவிக்கப்படும் ஒவ்வொரு வெடிப்பும் பதிவாகிறது. நிறமாலை எடுத்து உறுதி செய்யும்வரை பெயருக்கு முன் ஏ.டி. என்றும், உறுதியானபின் எஸ்.என். என்றும் இருக்கும். எஸ்.என். மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெருநிறை விண்மீன்கள் வெடிக்கும் இரண்டு, ஒன்று-பி, ஒன்று-சி வகைகள் வேண்டும். இரண்டு-என் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, அதைச் சுற்றி வாயு அதிகம். ஆயக்கூறுகளையும் (வானத்தில் அதன் இடத்தைக் காட்டும் எண்கள்) கண்டறிந்த நாளையும் விண்மீன் திரளின் தொலைவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரேடியோவில் தேடப்பட்ட 294 சூப்பர்நோவாக்களைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வில், கண்ணில் பட்டவை 31 விழுக்காடுதான். உச்சத்தை எட்ட ஆகும் காலம் பொதுவாக 50 நாள் அளவில் இருக்கும், ஆனால் அதன் பரவல் மிகப் பெரிது. உங்கள் முதல் சில இலக்குகளில் ஒன்றும் தெரியாவிட்டால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

படி 4: படங்களைச் சேகரியுங்கள்

அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி எடுத்த மூன்று கணக்கெடுப்புகள் முதலில் போதும். என்.வி.எஸ்.எஸ். 1993-இல் தொடங்கிய பணி, 1.4 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 40 டிகிரி நடுவரை விலக்கத்துக்கு (வானத்தின் அட்சரேகை போன்றது) வடக்கே உள்ள வானம் முழுவதையும் காட்டும், ஆனால் மங்கலாக: அதன் பிரிதிறன், அதாவது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 45 ஆர்க்செகண்ட். (ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு.) ஃபர்ஸ்ட் கணக்கெடுப்பு அதே அதிர்வெண்ணில் 5 ஆர்க்செகண்ட் துல்லியம் கொண்டது, வானத்தின் ஒரு பகுதி மட்டும். 2017-இல் தொடங்கிய வி.எல்.ஏ.எஸ்.எஸ். 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ்வரை, 2.5 ஆர்க்செகண்ட் துல்லியத்தில், ஒரே வானத்தைச் சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுக்கிறது. தெற்கு வானத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி எடுத்த ராக்ஸ் கணக்கெடுப்பு இருக்கிறது.

அலாடின் மென்பொருளில் இவற்றை அடுக்குகளாக மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அது பார்வைக்கு மட்டும். அளப்பதற்கு, ஒவ்வொரு புள்ளியின் அளவிட்ட மதிப்பையும் வைத்திருக்கும் ஃபிட்ஸ் கோப்புகளையே இறக்குங்கள். திரையில் தெரியும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

படி 5: அளந்து பாருங்கள்

கார்ட்டா அல்லது டி.எஸ்.9 மென்பொருளில் ஃபிட்ஸ் கோப்பைத் திறந்து ஆயக்கூறுக்குச் செல்லுங்கள். அருகில் எந்த ரேடியோ மூலமும் (ஒளிரும் பொருளும்) இல்லாத ஒரு பகுதியைத் தேர்ந்து அதன் திட்ட விலக்கத்தை எடுங்கள், அதுதான் இரைச்சல். வி.எல்.ஏ.எஸ்.எஸ். விரைவுப் படங்களில் இது 0.12 முதல் 0.15 மில்லிஜான்ஸ்கி அளவில் இருக்கும். பிறகு சூப்பர்நோவா இருக்க வேண்டிய இடத்தில் உச்ச மதிப்பைப் படியுங்கள்.

இரைச்சலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கவனிக்கத்தக்கது. இது ஏற்கெனவே இடம் தெரிந்த பொருளுக்கு மட்டும் பொருந்தும் விதி. இடம் தெரியாமல் படம் முழுவதும் தேடினால் கதை மாறிவிடும். பத்து லட்சம் தனித்த இடங்கள் கொண்ட படத்தில் வெறும் இரைச்சலே மூன்று மடங்கை 1,350 முறை தாண்டும். ஐந்து மடங்கை ஒருமுறைகூடத் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளலாம். உற்சாகத்தில் வரும் அறிவிப்புகளில் பல இந்த வேறுபாட்டில்தான் வழுக்கி விழுகின்றன.

ஒன்றும் தெரியவில்லையா? மூன்று மடங்கு இரைச்சலை மேல் வரம்பாக எழுதி வையுங்கள். இந்த நாளில் இந்த அதிர்வெண்ணில் இதைவிடப் பிரகாசமாக இல்லை என்பது முழுமையான அளவீடு. மேலே சொன்ன 294-இல் பெரும்பகுதி இப்படிப்பட்ட வரம்புகள்தான், அவை இல்லாமல் அந்த ஆய்வே இல்லை.

படி 6: சந்தேகப்படுங்கள்

இப்போது உங்கள் கையில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் இல்லை, புதிய படத்தில் இருக்கிறது. அல்லது தலைகீழாக.

முதல் பொறி பிரிதிறன். என்.வி.எஸ்.எஸ். ஒரு விண்மீன் திரளின் முழு வட்டையும் ஒரே திட்டாகப் பிசைந்து காட்டும். வி.எல்.ஏ.எஸ்.எஸ். அந்தப் பரந்த ஒளிர்வைப் பெரும்பாலும் பிடிப்பதே இல்லை; ஆன்டெனாக்கள் தொலைவில் பரந்து நிற்கும்போது விரிந்த பொருள்கள் அவற்றுக்குத் தெரியாமல் போகும். பழைய படத்தில் 20 மில்லிஜான்ஸ்கி, புதிய படத்தில் ஒன்றுமில்லை என்றால் எதுவும் அணையவில்லை, கருவி மாறியிருக்கிறது. 2014 சி நடந்த என்.ஜி.சி. 7331 திரளை இரு கணக்கெடுப்பிலும் எடுத்துப் பாருங்கள், இது கண்ணால் புரியும்.

இரண்டாவது அதிர்வெண். பெரும்பாலான ரேடியோ மூலங்கள் உயர் அதிர்வெண்ணில் மங்கலானவை. அதிர்வெண்ணின் மைனஸ் 0.7 அடுக்குக்கு ஏற்ப மாறும் வழக்கமான மூலம், 1.4 கிகாஹெர்ட்ஸில் 10 மில்லிஜான்ஸ்கி என்றால் 3 கிகாஹெர்ட்ஸில் 5.9. எதுவுமே நடக்காமல் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். ஒப்பிடும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள்.

விரைவுப் படங்கள் அவசரத்தில் தயாரானவை. வி.எல்.ஏ.எஸ்.எஸ். முதல் சுற்றில் பிரகாசம் 10 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. இடமும் ஒரு ஆர்க்செகண்ட் அளவுக்கு விலகலாம். ஆகவே 20 விழுக்காடு மாற்றத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். இரு மடங்கு மாறட்டும், பிறகு பேசுவோம்.

அடுத்தது நிழல் புள்ளிகள். பக்கத்தில் பிரகாசமான மூலம் இருந்தால் அதைச் சுற்றி வளையங்களும் ஆரங்களும் படரும். அவற்றின் மேடு ஒன்றை நீங்கள் சூப்பர்நோவா என்று நம்பிவிடலாம். நிபுணர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். வி.எல்.ஏ.வின் பழைய தரவில் பத்து டிரான்சியன்ட்கள் கிடைத்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. 2012-இல் அதே தரவை வேறொரு குழு மறுபடி பகுத்தபோது அவற்றில் பாதிக்கு மேல் கருவிப் பிழை அல்லது இரைச்சல் என்று தெரிந்தது.

புள்ளி திரளின் சரியான மையத்தில் உட்கார்ந்திருந்தால் அநேகமாக அது மையக் கருந்துளையின் வேலை. அவை ஆண்டுக் கணக்கில் ஏறி இறங்குவது இயல்பு. மையத்தில் நடந்த வெடிப்புகளைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுவது நல்லது.

கடைசியாக மினுக்கம். பால்வீதியின் வாயு ரேடியோ அலைகளை வளைத்து, மிகச் சிறிய மூலங்களைச் சில கிகாஹெர்ட்ஸில் மின்னச் செய்யும். இது தொல்லை மட்டுமல்ல. முதன்முதலில் ரேடியோ பின்னொளி கிடைத்த காமா கதிர் வெடிப்பு 1997 மே 8 அன்று நடந்தது. அதன் ரேடியோ மூலம் முதலில் கடுமையாக மின்னியது, வாரங்கள் போகப் போக மினுக்கம் அடங்கியது. மூலம் பெருத்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றின் அளவு அப்படித்தான் கிடைத்தது.

இத்தனையையும் தாண்டி நிற்பவை உண்டு. பக்கத்து விண்மீன் திரள்களின் பழைய ரேடியோ மூலப் பட்டியலை வி.எல்.ஏ.எஸ்.எஸ்.உடன் ஒப்பிட்டபோது, 1993-இல் 26 மில்லிஜான்ஸ்கி இருந்த ஒரு மூலம் 2017-இல் 0.4-க்கும் கீழே போயிருந்தது தெரியவந்தது. நம்மை நோக்காத ஒரு காமா கதிர் வெடிப்பின் பின்னொளியாக இருக்கலாம் என்பது 2018-இல் வந்த விளக்கம். யாரும் கவனிக்காமல் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது தரவில் கிடந்தது. அதே கணக்கெடுப்பின் முதல் சுற்றில் மட்டும், வெடித்து ஓராண்டு முதல் அறுபது ஆண்டுவரை ஆன 19 பிரகாசமான மூலங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் செய்ததும் ஏறக்குறைய இந்தப் படிகளைத்தான்.

படி 7: தொலைவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்

மில்லிஜான்ஸ்கி எண் தனியாக எதையும் சொல்லாது. அதைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கி, மீண்டும் 1.2 × 10²⁴-ஆல் பெருக்குங்கள், தொலைவு மெகாபார்செக்கில் இருக்க வேண்டும் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளி ஆண்டு). விடை எர்க்/நொடி/ஹெர்ட்ஸ் அலகில் ஒளிர்திறன். 20 மெகாபார்செக் தொலைவில் ஒரு மில்லிஜான்ஸ்கி என்றால் 4.8 × 10²⁶.

2021 தொகுப்பின்படி நடுத்தரமான உச்ச ஒளிர்திறன் சுமார் 10²⁵·⁵. அப்படிப்பட்ட ஒன்று 20 மெகாபார்செக்கில் 0.07 மில்லிஜான்ஸ்கிதான் இருக்கும், வி.எல்.ஏ.எஸ்.எஸ். படத்தில் மூழ்கிவிடும். 8 மெகாபார்செக்குக்குள் இருந்தால்தான் 0.4 என்ற வரம்பை (மூன்று மடங்கு இரைச்சல்) தொடும். இந்தக் கணக்கை இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே போட்டுவிட்டால் பல மாலைகள் மிச்சமாகும். கணக்கிட்ட ஒளிர்திறன் 10²⁹-ஐத் தாண்டினால் மறுபடி படி 6-க்குப் போங்கள். பின்னணியில் இருக்கும் வேறொரு மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 8: வேகமானவற்றை எட்டிப் பாருங்கள்

விரைவு ரேடியோ வெடிப்பின் முதல் உதாரணம் 2001 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவானது. பழைய தரவைத் துழாவியவர்கள் அதை 2007-இல்தான் வெளியிட்டார்கள். இங்கே அடையாளம் தாமதம். வழியில் உள்ள எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணைப் பிந்த வைக்கின்றன. எலெக்ட்ரான்களின் மொத்த அளவைக் குறிக்கும் எண் 500 என்றால், 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த துடிப்பு 1.2 கிகாஹெர்ட்ஸில் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிந்தி வரும். கணக்கு: 4.15 மில்லிநொடி × 500 × (1/1.2² − 1/1.5²). கனடாவின் சைம் தொலைநோக்கி 2021-இல் வெளியிட்ட முதல் பட்டியலில் 536 வெடிப்புகள் உள்ளன. பைத்தானில் வரைந்து பழக அது நல்ல தரவு.

சந்தேகப் பாடம் இங்கும் உண்டு. பார்க்ஸில் பல ஆண்டுகள் புதிராக இருந்த பெரிட்டான் என்ற துடிப்புகள், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரமாகத் திறந்ததால் வந்தவை என்று 2015-இல் நிரூபணமானது.

படி 9: மற்றவர்களோடு சேருங்கள்

பொதுமக்கள் ஆய்வில் உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில், தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் தொலைநோக்கித் தரவுக்காக நடந்த தன்னார்வத் திட்டத்தில், பொதுமக்களே 142 புதிய மாறும் ரேடியோ மூலங்களைக் கண்டெடுத்தார்கள். இத்தகைய திட்டங்களில் சில நூறு படங்களைப் பார்த்துவிட்டால் எது உண்மைப் புள்ளி, எது நிழல் என்று கண் பழகிவிடும். பைத்தானும் அதன் வானியல் தொகுப்பான ஆஸ்ட்ரோபையும் வசமானபின் காஸா மென்பொருளில் தொலைநோக்கியின் பதப்படுத்தாத தரவை நீங்களே படமாக்கிப் பாருங்கள், வி.எல்.ஏ. காப்பகத்தில் பழைய தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அது வேறு உயரம். முதல் மாதத்தில் அதைத் தொட்டால் மனம் சோர்ந்துவிடும்.

உறுதியான ஒன்று கிடைத்துவிட்டதாக நம்பினால், அறிவிக்கும் முன் அந்தச் சூப்பர்நோவாவைப் பற்றி வந்த அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம் (வானியலாளர்களின் உடனடி அறிவிப்புத் தளம்) அறிக்கைகளையும் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடுங்கள். பல நேரம் முன்பே ஒரு குழு அளந்திருக்கும். இல்லையென்றால் அந்தத் துறையில் எழுதும் ஆய்வாளர் ஒருவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருளின் பெயர், படம் எடுத்த நாள், வெடித்து எத்தனை நாள், அதிர்வெண், பிரகாசம் அல்லது மேல் வரம்பு, இரைச்சல், பிரிதிறன், படி 6-இல் எவற்றையெல்லாம் சோதித்தீர்கள் என்பது, இவ்வளவும் ஒரே பத்தியில் அடங்கும். ஃபிட்ஸ் கோப்பின் வெட்டுப் படத்தை இணைத்து அனுப்புங்கள், திரைப்பிடிப்பை அல்ல.